நிற்கத் தெரியாத கழுதைக்குட்டி

"தம்பி, என் கழுதை நிக்கவே மாட்டேங்குது."

மங்கையர்க்கரசி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபடியே முறையிட்டாள்.

தாவூத் தன் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் நிறுத்தினார். இரண்டு கைகளையும் கக்கத்தில் சொருகிக்கொண்டார். பாடம் சொல்லும்போது அது அவர் வழக்கம். கை வெளியே இருந்தால் தன்னை அறியாமல் அடுத்தவர் மவுஸைப் பிடுங்கிவிடும் என்பார்.

திரையில் ஒரு கழுதைக்குட்டி. சாம்பல் நிறம். ஒரு காது மடங்கியிருந்தது. அது ஒரு நீளமான வராந்தாவில் நடந்து வந்து பச்சைக் கதவுக்கு முன்னால் நிற்க வேண்டும். வந்தது. ஆனால் நிற்கவில்லை. எண்ணெய் கொட்டிய தரையில் வைத்ததுபோல மெல்ல முன்னால் போனது. மெல்லப் பின்னால் வந்தது.

"பாத்தீங்களா? நின்ன எடத்துல வழுக்குது."

"நிக்கச் சொன்னீங்களா?"

"சொன்னேனே. கதவுக்கிட்ட வந்ததும் ஒரு நிலை வச்சேன். கொஞ்ச நேரம் கழிச்சு அதே நிலைய அச்சு மாறாம இன்னொரு தடவ வச்சேன். ரெண்டும் ஒண்ணுதானே? நடுவுல எதுக்கு நகருது?"

அந்த அனிமேஷன் மென்பொருளின் சுபாவம் அப்படி. பொம்மை இங்கே இப்படி இருக்க வேண்டும், அங்கே அப்படி இருக்க வேண்டும் என்று நாம் சொல்லிவிட்டால் போதும். இடையில் உள்ளதை அதுவே அசைவால் நிரப்பிக்கொள்ளும்.

"கம்ப்யூட்டருக்குப் போகத் தெரியும்க்கா. வரத் தெரியும். நிக்கத் தெரியாது," என்றார் தாவூத்.

"அப்ப யாரு சொல்லிக் குடுக்கிறது?"

"எந்திரிங்க."

எழுந்தாள்.

"நில்லுங்க."

நின்றாள். தாவூத் பார்த்துக்கொண்டே இருந்தார். வகுப்பில் இருந்த மற்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். எல்லாம் கல்லூரிப் பிள்ளைகள். அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். இடது காலில் இருந்த பாரத்தை வலது காலுக்கு மாற்றினாள். கழுத்தைத் தடவினாள்.

"என்ன தம்பி, காட்சிப்பொருள் மாதிரி பாக்குறீங்க?"

"நீங்களும்தான் நிக்கல."

பிள்ளைகள் சிரித்தார்கள்.

"ஆனா நீங்க வழுக்கல," என்று சொல்லிவிட்டு தாவூத் நாற்காலியை உருட்டிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

அவ்வளவுதான் அன்றைய பாடம்.

மங்கையர்க்கரசி ஒரு நர்ஸ். திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில், குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்யும் வார்டில் வேலை. அங்கே எல்லோருக்கும் அரசி சிஸ்டர். வயது ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதுவரை கம்ப்யூட்டரில் அவள் செய்ததெல்லாம் நோயாளியின் பெயரை ஏற்றுவதும் இறக்குவதும்தான்.

தாவூத்துக்கு அவளைவிட இருபது வயது குறைவு. கூப்பிடுவது தம்பி என்றாலும், மனதுக்குள் அவள் அவரை 'அவர்' என்றே வைத்திருந்தாள்.

இந்த வயதில் இந்தப் படிப்பு எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். வார்டில் கேட்டார்கள். அவள் பதில் சொல்லவில்லை. பதில் எட்டாம் நம்பர் கட்டிலில் படுத்திருந்தது.

கனிஷ்கா. லால்குடிப் பக்கத்துப் பிள்ளை. ஏழு வயது. சைக்கிளிலிருந்து விழுந்து கால் எலும்பு முறிந்து, அது கோணலாகக் கூடிவிட்டது. திறந்து நிமிர்த்தி வைக்க வேண்டும். பெரிய ஆபரேஷன் இல்லை. ஆனால் கதவைத் தாண்டினால்தானே?

முதல் தடவை ஆபரேஷன் தியேட்டரின் பச்சைக் கதவைப் பார்த்ததும் அலறினாள். அலறி அலறி வாந்தி எடுத்தாள். வாந்தி எடுத்த பிள்ளைக்கு மயக்க மருந்து கொடுக்க முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள்.

இரண்டாம் தடவை அரசி அவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள். கனிஷ்கா அரசியின் மணிக்கட்டைக் கடித்தாள். கையில் ஏறியிருந்த ஊசியைப் பிய்த்து எறிந்தாள். ரத்தம் போர்வையெல்லாம். அழுத அழுகையில் காய்ச்சல் ஏறிவிட்டது. மறுபடியும் திரும்பி வந்தார்கள்.

டாக்டர் இளங்கீரன் கோபக்காரர் இல்லை. சோர்ந்துபோயிருந்தார்.

"வளர்ற எலும்பு சிஸ்டர். தள்ளிப் போடப் போட, கால் கோணலாவே நின்னுடும். அப்புறம் ஆயுசு பூரா நொண்டணும். அடுத்த தடவ நாலு பேர் சேந்து அமுக்கிப் பிடிச்சாவது உள்ள கொண்டு போயிடணும்."

அமுக்கிப் பிடிக்கிற அந்த நாலு பேரில் முதல் ஆள் யார் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. அந்தக் குச்சிக் கைகள் தன் உள்ளங்கைக்குள் துடித்தது அரசிக்கு இன்னும் ஆறவில்லை. அதற்குப் பிறகு கனிஷ்கா அவளிடம் மருந்துகூட வாங்கிக்கொள்வதில்லை. அம்மா கையில் கொடுக்கச் சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஒரு பொம்மைப் படம் செய்தால் என்ன என்று அரசிக்குத் தோன்றியது அப்போதுதான். ஏதாவது ஒரு குட்டி. அதே வராந்தா, அதே பச்சைக் கதவு. உள்ளே போகும். காலில் கட்டோடு திரும்பி வரும். பார்த்தால் பயம் தெளியாதா?

முதலில் அவள் வரைந்தது ஆட்டுக்குட்டி. வரையச் சுலபம் என்று எடுத்துக்கொண்டாள். உள்ளே பச்சை உடுப்பும் முகமூடியும் போட்ட ஆட்கள் நின்றார்கள். நாலைந்து படங்களை அச்செடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனாள்.

கனிஷ்கா கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வெட்டப் போறாங்களா?"

"ஐயோ, இல்ல கண்ணு!"

"எங்க ஊரு கெடா வெட்டுக்கு இப்படித்தான் கூட்டிட்டுப் போவாங்க. மாலை போடலயா?"

அடுத்த கட்டில், எதிர்க் கட்டில் என்று எல்லாப் பிள்ளைகளும் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்கள்.

இதைக் கேட்ட தாவூத் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்கச் சிரமப்பட்டார்.

"கழுதை வைங்கக்கா. கழுதைய யாரும் வெட்ட மாட்டாங்க."

அப்படி வந்ததுதான் அந்தக் கழுதை.

அந்தக் கழுதை லேசில் வழிக்கு வரவில்லை. முதலில் உடம்பின் துண்டுகளை ஒன்றோடொன்று கோக்க வேண்டும். காலை உடம்போடு, காதைத் தலையோடு. அரசி அவசரத்தில் வாலைத் தலையோடு கோத்துவிட்டாள். கழுதை தலையை ஆட்டும்போதெல்லாம் வால் சலாம் போட்டது.

சுதர்சன் என்கிற பையன் பக்கத்து மேசையில் நெருப்புக் கக்கும் டிராகன் செய்துகொண்டிருந்தான். தினமும் ஒரு தடவை எட்டிப் பார்ப்பான்.

"அக்கா, உங்க கழுதை இன்னைக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேந்துடுமா?"

"உன் டிராகனுக்கு முதல்ல வயித்தெரிச்சலுக்கு மாத்திரை வாங்கிக் குடு. ரொம்பக் கக்குது."

வாய்க்கு ஒன்றும் குறைவில்லை. கைதான் வரவில்லை. வாலைச் சரிசெய்து, நடையைச் சரிசெய்து, வராந்தாவைத் தாண்டி, கடைசியில் அந்தக் கதவுக்கு முன்னால் கழுதை வழுக்க ஆரம்பித்தது.

அந்த வாரமே டாக்டர் வார்டுக்கு வந்து நாள் குறித்துவிட்டார்.

"வியாழக்கிழமை காலைல. முதல் கேஸ்."

அரசி அன்று மத்தியானம் நேராக வகுப்புக்கு வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"தம்பி, எனக்கு நேரமில்ல. என் கையில இது வராது. நீங்களே பண்ணிக் குடுத்துடுங்க."

"நான் பண்ணா நல்லா வரும்," என்றார் தாவூத். பெருமையாகச் சொல்லவில்லை. மழை வரும் என்று சொல்வதுபோலச் சொன்னார். "பண்ணட்டுமா?"

"பண்ணுங்க."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"அந்தப் புள்ளைய அமுக்கிப் பிடிக்கச் சொல்லுவாங்க தம்பி. என்னால முடியாது. பண்ணுங்க."

தாவூத் கக்கத்திலிருந்து கைகளை எடுத்தார்.

அரசி வாயைத் திறந்தபடி நின்றாள். விரல்கள் எங்கே போகின்றன என்றே தெரியவில்லை. பொழுது சாய்வதற்குள் கழுதைக்குட்டி துள்ளிக்கொண்டு வந்தது. அதன் காதுகள் ஆடின. வராந்தாவில் வெயில் ஜன்னல் ஜன்னலாக விழுந்தது. கதவுக்கு முன்னால் சட்டென்று நின்று, இந்தப் பக்கம் திரும்பி ஒரு கண்ணைச் சிமிட்டி, உள்ளே போய், காலில் கட்டோடு குதித்து வெளியே வந்தது. பின்னால் பாட்டு வேறு.

"செல்போன்ல ஏத்திட்டேன். எடுத்துட்டுப் போங்க."

அரசி கையெடுத்துக் கும்பிட்டாள். தாவூத் அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.

அன்றைக்கு வார்டே எட்டாம் நம்பர் கட்டிலைச் சுற்றி நின்றது. நடக்க முடிந்த பிள்ளைகள் நடந்து வந்தார்கள். முடியாததுகளை அம்மாக்கள் தூக்கி வந்தார்கள். கழுதை கண் சிமிட்டியதும் ஒரே கூச்சல்.

கனிஷ்காவும் சிரித்தாள்.

"இன்னொரு தடவ."

போட்டுக் காட்டினாள். மறுபடியும் கேட்டாள். மறுபடியும் காட்டினாள். பாட்டைக்கூடப் பிள்ளைகள் பாட ஆரம்பித்துவிட்டார்கள். அரசிக்கு மனசு குளிர்ந்தது.

"பாத்தியா கண்ணு, கழுதைக்குட்டி எவ்வளவு ஜோரா உள்ள போயிட்டு வந்துடுச்சு? வியாழக்கிழமை நீயும்..."

சிரிப்பு அப்படியே நின்றது.

"அது படம் சிஸ்டர்."

"படந்தான். ஆனா நெசத்துலயும்..."

"படத்துல எல்லாரும் திரும்பி வந்துடுவாங்க."

சொல்லிவிட்டுப் போர்வையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டாள். உள்ளேயிருந்து தேம்பல் கேட்டது. அவள் அம்மா அரசியைப் பார்த்தாள்.

அரசி நடந்ததை அப்படியே வந்து தாவூத்திடம் சொன்னாள்.

"உங்க படத்துல ஒரு குறையும் இல்ல தம்பி."

"தெரியும்."

"பின்ன ஏன்?"

தாவூத் கைகளைத் திரும்பவும் கக்கத்தில் சொருகிக்கொண்டார்.

"உங்க கழுதை இப்ப எங்க இருக்கு?"

"கதவுக்கிட்ட. வழுக்கிக்கிட்டு இருக்கும்."

"அதப் போய்ப் பாருங்க."

"அதப் பாத்து என்ன ஆகப் போகுது? இவ்வளவு நல்ல கழுதையே ஒண்ணும் பண்ணல."

தாவூத் சுதர்சனின் டிராகனைப் பார்க்கப் போய்விட்டார்.

மறுநாள் காலை வார்டு வாசலில் ஒரு ட்ராலி கடந்து போனது. யாரோ ஒரு பையனைத் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். கனிஷ்கா கைத்தடியை ஊன்றி வாசல் நிலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அரசி மருந்துத் தட்டோடு அவளுக்குப் பின்னால் வந்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

பிள்ளையின் விரல்கள் சட்டை ஓரத்தை முறுக்கின, அவிழ்த்தன. தொண்டை ஏறி இறங்கியது. தலை கொஞ்சம் முன்னால் போனது, உடனே பின்னால் வந்தது. மூச்சு தோளில் தெரிந்தது.

பாதங்கள் மட்டும் அசையவில்லை. கால் விரல்கள் தரையைக் கவ்விப் பிடித்திருந்தன.

அரசி தன் பாதங்களைக் குனிந்து பார்த்தாள்.

அன்று மத்தியானம் அவள் கழுதையின் நாலு குளம்புகளையும் தரையோடு கட்டினாள். கட்டுவதற்கு அந்த மென்பொருளில் ஒரு வழி இருந்தது. அது எங்கே என்று கேட்டதற்கு மட்டும் தாவூத் மோவாயால் காட்டினார். குளம்புகளை அப்படியே விட்டுவிட்டு, மற்ற எல்லாவற்றையும் அசைத்தாள். தலையைக் கொஞ்சம் முன்னால் நீட்டினாள், பின்னால் இழுத்தாள். வயிறு மூச்சு வாங்கியது. மடங்கிய காது லேசாக நடுங்கியது.

ஓட விட்டுப் பார்த்தாள்.

"தம்பி! நின்னுடுச்சு!"

பிள்ளைகள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். நடை இன்னும் நொண்டலாகத்தான் இருந்தது. வராந்தாவில் வெயில் இல்லை. பாட்டும் இல்லை. ஆனால் அந்தக் கழுதை கதவுக்கு முன்னால் நின்றது.

சுதர்சனும் எட்டிப் பார்த்தான். கேலி ஒன்றும் வரவில்லை.

"அக்கா, அது பயப்படுதுக்கா," என்றான் மெதுவாக.

தாவூத் "ம்" என்றார்.

உள்ளே போவதையும் வெளியே வருவதையும் செய்து முடிக்க இன்னும் கொஞ்சம் நாள் பிடித்தது. கதவுக்கு உள்ளே இருப்பதை வரைய நேரமில்லை. வெறும் கறுப்பு. கழுதை கறுப்புக்குள் போகும், கறுப்பிலிருந்து கட்டோடு வரும். அப்போது புதன்கிழமை ஆகிவிட்டது.

"தம்பி, அன்னைக்கு நீங்க பண்ண மாதிரி இதைப் படமா எடுத்து செல்போன்ல ஏத்தணும். அது எப்படின்னு சொல்லுங்க."

"அது கடைசிப் பாடம்."

"இதுதானே கடைசி? நாளைக்குக் காலைல ஆபரேஷன்."

"எதுக்குப் படமா எடுக்கணும்?"

"பாக்கிறதுக்குத்தான்."

தாவூத் எழுந்து போய்த் தன் சொந்த லேப்டாப்பைக் கொண்டுவந்தார். அரசியின் கழுதையை அதற்கு மாற்றினார். மூடி, அவள் கையில் வைத்தார்.

"இப்படியே எடுத்துட்டுப் போங்க."

"இப்படியேவா? பட்டன், கோடு, கட்டம்னு எல்லாம் அப்பட்டமாத் தெரியுமே. சமையல் நடக்கிறப்ப விருந்தாளிய அடுப்படிக்கே கூப்பிட்ட மாதிரி."

"ஆமா," என்றார் தாவூத்.

அரசிக்கு எரிச்சல் வந்தது. தர்க்கம் பண்ண நேரமில்லை. லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் பிடித்தாள்.

வார்டில் சாயங்கால டீ கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கனிஷ்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"கண்ணு, இங்க பாரு."

"அந்தப் படந்தானே? பாத்தாச்சு."

"இது வேற. இது நான் பண்ணது."

"நீங்களா?" ஒரு கண் மட்டும் திரும்பியது.

அரசி லேப்டாப்பைக் கட்டிலில் வைத்துத் திறந்தாள். கழுதை. அதைச் சுற்றி ஏகப்பட்ட பட்டன்கள். திரையின் அடியில் நீளமாக ஒரு பட்டை. பட்டைக்கு நடுவில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு.

"நல்லாவே இல்ல," என்றாள் கனிஷ்கா.

"ஆமா. எனக்கு அவ்வளவுதான் வரும்."

"இது என்னது?"

சொல்வதற்குள் கனிஷ்கா சிவப்புக் கோட்டின்மேல் விரலை வைத்துவிட்டாள். தாவூத்தின் லேப்டாப், திரையைத் தொட்டாலே வேலை செய்யும். கோடு நகர்ந்தது. கழுதை நடந்தது.

கனிஷ்கா கையை வெடுக்கென்று எடுத்தாள். கழுதை நின்றது.

எழுந்து உட்கார்ந்தாள்.

மறுபடியும் விரலை வைத்து வலப்பக்கம் இழுத்தாள். கழுதை கதவை நோக்கிப் போனது. இடப்பக்கம் இழுத்தாள். கழுதை வந்த வழியே பின்னோக்கி நடந்து வராந்தாவின் கோடிக்குப் போனது.

"பின்னாடியே நடக்குது!"

"ஆமா."

"வேகமா இழுத்தா?"

"இழுத்துப் பாரு."

கழுதை கதவுக்குள் பாய்ந்து கட்டோடு வெளியே வந்தது. இடப்பக்கம் இழுத்ததும் கட்டு மறைந்து, கறுப்புக்குள் போய், வராந்தாவுக்கு வந்துவிட்டது. கனிஷ்கா களுக்கென்று சிரித்தாள். போனாள், வந்தாள். போனாள், வந்தாள். டீ ஆறிப்போனது. அரசி 'ஓட விடு' பட்டனை அழுத்திக் காட்டலாம் என்று கையை நீட்டினாள்.

"நீங்க தொடாதீங்க."

அரசி கையை எடுத்துக்கொண்டாள்.

இப்போது கனிஷ்கா மெதுவாக இழுத்தாள். மயிரிழை மயிரிழையாக. கழுதை கதவுக்கு முன்னால் வந்து நின்றது. மடங்கிய காது நடுங்கியது. அவள் விரல் அங்கேயே நின்றது. இன்னும் ஒரு இழை தள்ளினாள். கழுதையின் மூக்கு கறுப்புக்குள் போனது.

"உள்ள என்ன இருக்கு?"

"நான் வரையல."

"ஏன்?"

"நேரமில்ல."

"நீங்க உள்ள போயிருக்கீங்கல்ல?"

"தெனமும் போறேன்."

"என்ன இருக்கு?"

அரசி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். மற்ற பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை.

"ரொம்பக் குளுரும். தட்டு மாதிரி பெரிய லைட்டு இருக்கும். எல்லாரும் முகத்த மூடியிருப்பாங்க, அதனால நான் யாருன்னு உனக்குத் தெரியாது. கைய ஆட்டுறேன். ஒரு மூடிய மூக்குல வைப்பாங்க. ரப்பர் வாசனை அடிக்கும். அப்புறம் தூக்கம் வந்துடும்."

"வலிக்குமா?"

"தூங்கறப்ப வலிக்காது. முழிச்ச பிறகு வலிக்கும்."

"ரொம்பவா?"

"ஆமா. மருந்து குடுப்பேன். ஆனாலும் வலிக்கும்."

கனிஷ்கா கழுதையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள், வராந்தாவின் கோடிவரை. கொஞ்ச நேரம் கழித்து விரல் திரும்ப நகர்ந்தது. மூக்கு, கழுத்து, முன்னங்கால் என்று ஒவ்வொன்றாக உள்ளே விட்டாள். பின்னால் எடுத்தாள். உள்ளே விட்டாள்.

விளக்கு அணைக்கும் நேரம் வரை அதுதான் நடந்தது. ஒரு தடவைகூட அந்தப் படம் தானாக ஓடவில்லை.

வியாழக்கிழமை காலை. ட்ராலி தள்ளுகிற சின்னக்கண்ணு அண்ணன் வந்தார். இரண்டு தடவையும் அவர்தான் தள்ளினார். ஒரு உதையும் வாங்கியிருந்தார். அதனால் கொஞ்சம் தள்ளியே நின்றார்.

கனிஷ்கா ஏறிப் படுத்தாள். அலறவில்லை. முகம் வெளுத்திருந்தது. அரசி பக்கத்திலேயே நடந்தாள்.

வராந்தா. திருப்பம். பச்சைக் கதவு.

"நிறுத்துங்க," என்றாள் கனிஷ்கா.

சின்னக்கண்ணு அரசியைப் பார்த்தார். அரசி தலையாட்டினாள். ட்ராலி நின்றது.

"பின்னாடி."

"என்னது?"

"பின்னாடி போங்க."

"இழுங்கண்ணே," என்றாள் அரசி.

சின்னக்கண்ணு ட்ராலியைப் பின்னால் இழுத்தார். திருப்பம் வரை போனார்.

"இப்ப முன்னாடி."

தள்ளினார். கதவு வந்தது.

"பின்னாடி."

இழுத்தார். சக்கரம் ஒன்று கிறீச்சிட்டது. வராந்தாவில் காத்திருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். கனிஷ்காவின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

கதவு திறந்து டாக்டர் இளங்கீரன் எட்டிப் பார்த்தார். முகமூடி கழுத்தில் தொங்கியது.

"என்ன சிஸ்டர், தேர் இழுக்கிறீங்களா? உள்ள எல்லாரும் காத்திருக்காங்க."

"கொஞ்சம் இருங்க சார்."

"எவ்வளவு நேரம்?"

"எனக்குத் தெரியாது சார். என் கையில இல்ல."

டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ட்ராலி அவரை நோக்கி வந்தது. கதவின் வாசற்படியைத் தொட்டது. கனிஷ்காவின் பாதங்கள் மட்டும் உள்ளே இருந்தன. உள்ளேயிருந்து குளிர் வந்து அவற்றில் பட்டது. கால் விரல்கள் மடங்கின.

"பின்னாடி."

போனது.

"முன்னாடி."

வந்தது. இந்தத் தடவை இடுப்புவரை உள்ளே போயிற்று. தட்டு மாதிரி பெரிய லைட்டு அவள் கண்ணில் பட்டது. வெகுநேரம் அதையே பார்த்தாள். டாக்டர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கனிஷ்கா தலையைப் பின்னால் சாய்த்துச் சின்னக்கண்ணுவைப் பார்த்தாள்.

"நான் நிறுத்தச் சொன்னா நிறுத்துவீங்களா?"

"நிறுத்துவேன் தாயி."

"அப்ப ஓட்டுங்க."